ஏற்றத்தில் நீ கேட்ட கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் சாப்பாடு, மாத்திரை, மழை என்று போய்விடுகிறது. அதனால் தாளில் எழுதி, அக்கா மகனிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பொறுமையாகப் படி.

அமெரிக்காவில் உன்னிடம் வந்திருந்தபோது சாண்டா குரூஸ் கடற்கரையில் அந்த ஜெயன்ட் டிப்பர் என்ற மர ரோலர் கோஸ்டரில் ஏறினோமே. முதலில் இருட்டுக் குகைக்குள் வளைந்து போய், வெளிச்சத்துக்கு வந்து, சங்கிலி இழுக்க இழுக்க மேலே ஏறும்போது என் காதோரம் குனிந்து கேட்டாய்: "நான் பட்டறைக்கு வரலைன்னு உங்களுக்கு வருத்தமாப்பா?" நான் வாயைத் திறப்பதற்குள் உச்சி வந்துவிட்டது. அப்புறம் அறுபத்தைந்து அடிப் பள்ளம். இறங்கியதும் தண்ணீர் கேட்டேன். நீயும் மறுபடி கேட்கவில்லை. ஊருக்கு வந்து மூன்று மாதமாக அந்தக் கேள்வி என் கூடவே இருக்கிறது.

பதில் சொல்வதற்கு முன்னால் அந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவிடு. தூரத்திலிருந்து பார்த்தபோது கோபுரத் திருப்பணிக்குச் சாரம் கட்டியது போல இருந்தது. கிட்டப் போன பிறகுதான் ஒவ்வொரு காலுக்கும் குறுக்குச் சட்டம் எப்படி விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. வண்டி போகும்போது அந்த மரம் மொத்தமும் லேசாக அசைகிறது. மருமகள் பயந்து என் கையைப் பிடித்தாள். எனக்கு அந்த அசைவைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கையே வந்தது. மரத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்துக் கட்டியவன் வேலை தெரிந்தவன். இறுக்கிப் பூட்டிய வாசல் நிலை ஒரு மழைக்காலத்திலேயே கதவைப் பிடித்துக்கொள்ளும், நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய்.

தண்டவாளமும் மரம்தான், பலகை மேல் பலகையாக அடுக்கி, மேலே சக்கரம் படும் இடத்தில் மட்டும் இரும்புப் பட்டை. தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வைத்திருப்பதால்தான் மேட்டில் வண்டி எகிறுவதில்லை என்று நீ குனிந்து காட்டினாய். உச்சி வரைக்கும் சங்கிலி, அதற்கு மேல் இன்ஜின் கிடையாது, இறங்கிய வேகத்திலேயே அடுத்த மேடு ஏறுகிறது என்றும் சொன்னாய். ஏறும்போது டக் டக் என்று கேட்டது, சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் பல்லில் கொக்கி விழும் சத்தமாம். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நீ கேட்டாய்.

எழுபது அடி உயரம், அரை மைல் நீளம். 1924-ல் நாற்பத்தேழே நாளில் கட்டினார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. அதே காலத்தில்தான் இங்கே பர்மாத் தேக்கு கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கானாடுகாத்தானில் ஒரே ஒரு முகப்பு நிலையைச் செதுக்க உங்கள் ஐயா ஏழு மாதம் உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார். இரண்டும் மர வேலைதான். ஒன்று அவசரத்திலும் பிசகாமல் நின்றிருக்கிறது, அதை நான் வணங்குகிறேன்.

1987-ல் அதையும் அங்கே இருக்கும் குதிரை ராட்டினத்தையும் சேர்த்து அரசாங்கமே நாட்டின் வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்துவிட்டது. இன்றைக்கும் பழுதான பலகையை எடுத்துப் புதுப் பலகை போட்டு ஓட்டுகிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது, தம்பி. உங்கள் ஐயா செய்த நிலைகளை நானே கடப்பாரை போட்டுப் பெயர்த்திருக்கிறேன். பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் வீட்டை இடித்துப் பிரிப்பார்கள், கூலிக்கு நான் போவேன். தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வெயிலில் சாய்ந்து நிற்கும். அந்தக் கூலியும் உன் படிப்புக்குத்தான் போனது. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வருத்தம் இருந்தது. நீ காலேஜ் சேர்ந்த அன்று உனக்கென்று வாங்கி வைத்த சின்ன உளியை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி மேலே வைத்தேன். நம் கை என்னோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பு பல வருஷம் போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் குதிரை ராட்டினத்துப் பக்கம் நின்றோம். அதைச் செய்த சார்லஸ் லூஃப், ஜெர்மனிப் பக்கம் ஹோல்ஸ்டைனிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்து, மேஜை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, மிச்சக் கட்டையில் ராத்திரி குதிரை செதுக்கியவர் என்று போனில் பார்த்துப் படித்துக் காட்டினாய். 1876-ல் நியூயார்க் கோனி ஐலண்டில் முதல் ராட்டினம் போட்டாராம். நாம் ஏறிய ஜெயன்ட் டிப்பரைக் கட்டிய ஆர்தர் அவருடைய மகன்தான். அவனும் அப்பாவைப் போலக் குதிரை செதுக்கி உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்காது.

அப்புறம் பாப்பாவைத் தூக்கி உட்கார வைக்கும்போது நீ குதிரையின் பிடரியைத் தடவி, "வலப்பக்கம் மட்டும் வேலை அதிகமாயிருக்குப்பா, சுத்தும்போது வெளியில தெரியறது அந்தப் பக்கம்தானே" என்றாய். நான் அதைக் கவனிக்கவே இல்லை. கைக்கு உளி கொடுக்காமலே உனக்குக் கண் வந்திருக்கிறது. அந்த நிமிஷத்தோடு என் வருத்தம் போய்விட்டது. பதில் இதுதான். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

பழைய வீட்டு வாசல்படிக் கட்டை ஒன்று பட்டறையில் கிடந்தது. வைரம் பாய்ந்த தேக்கு, இழைப்புளி போட்டதும் இன்னும் எண்ணெய் வாசம் வருகிறது. அதில் பாப்பாவுக்கு ஒரு குதிரை ஆரம்பித்திருக்கிறேன். தலையும் பிடரியும் முடிந்தது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை. கால்களுக்கு அளவு தெரியாமல் நிற்கிறது. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, உள்ளங்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எத்தனை அங்குலம் என்று அளந்து சொல். தைக்கு நீங்கள் வரும்போது ஒரு வயசு கூடியிருக்கும், அதற்கும் சேர்த்து நான் விட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா
காரைக்குடி