சப்டைட்டிலில் 'அங்கிள்' ஆகிப்போன மாமா

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் ரஜினிக்கு ரசிகர்கள் இருப்பதை மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. அது எப்படி வாய்த்தது என்பதைத்தான் நாம் சரியாக யோசிக்கவில்லை.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் 'முத்து' வீடியோ ஜுன் எடோக்கி என்ற ஜப்பானிய விமர்சகரின் கையில் அகப்பட்டது. தமிழ் தெரியாமலேயே படம் அவருக்குப் பிடித்துப்போனது. 1998இல் டோக்கியோ ஷிபுயாவில் சினிமா ரைஸ் அரங்கில் ஜப்பானிய சப்டைட்டிலோடு வெளியாகி 23 வாரம் ஓடியது. அன்றைய ஜப்பானை நினைத்துப் பாருங்கள். பொருளாதாரம் ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடந்தது. முந்தின வருடம்தான் பெரிய வங்கி ஒன்றும் பழம்பெரும் பங்குச்சந்தை நிறுவனம் ஒன்றும் கவிழ்ந்திருந்தன. வேலை நிலைக்குமா என்று பயந்து கிடந்தவர்களுக்குக் கூச்சமில்லாமல் சிரித்து, அழுது, ஆடும் ஒரு படம் வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் படமோ பாட்டோ இன்னொரு நாட்டில் மோகமாவதற்கு, வாங்கிக்கொள்பவர்களின் பசிதான் முதல் காரணம் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பசியை நம்மால் உண்டாக்க முடியாது. பசித்து வருபவருக்கு ஒழுங்காகப் பரிமாறலாம்.

கொரியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 'பாரசைட்' படத்தில் இரண்டு வகை உடனடி நூடுல்ஸைக் கலந்து செய்யும் 'சப்பகுரி' என்ற பண்டம் வரும். வெளிநாட்டவருக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்? சப்டைட்டில் எழுதிய டார்சி பாக்கெட் என்பவர், ராமென், ஊடோன் என்ற இரண்டு ஜப்பானிய நூடுல்ஸ் பெயர்களைச் சேர்த்து 'ராம்டான்' என்று புதுச் சொல்லே கட்டினார். ஒரே ஒரு பண்டத்தின் பெயருக்கு அவ்வளவு மெனக்கெடல்.

நம் கதைக்கு வருகிறேன். ஜப்பானியத் தோழி ஒருத்தியோடு ஓடிடியில் ஒரு தமிழ்ப் படம் பார்த்தேன். நாயகி தன் முறைப்பையனை ஆசையாக "மாமா" என்கிறாள். கீழே 'அங்கிள்' என்று ஓடுகிறது. சற்று நேரத்தில் இருவருக்கும் கல்யாணம். தோழி ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அத்தை மகன், தாய்மாமன், கட்டிக்கொள்ளும் முறை என்று விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு பாட்டு வந்தது. கீழே ஒரு எழுத்தும் இல்லை. நான் வரிவரியாகச் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். நம் கதையில் பாதியைப் பாட்டில்தானே வைக்கிறோம்? அதைப் போய் ஊமையாக்கி அனுப்பலாமா?

ஜப்பானில் இந்தியப் படங்களுக்கிடையே 'முத்து' வைத்த வசூல் சாதனையை, 2022இல் அங்கே வெளியான 'ஆர்ஆர்ஆர்' முறியடித்தது. தெலுங்குப் படம் ஜெயித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். இடையில் கிடைத்த 24 வருடத்தை நாம் வீணடித்ததுதான் உறுத்துகிறது.

சப்டைட்டில் எழுதுபவரை ரிலீஸுக்கு முந்தின வாரம் தேடாதீர்கள். திரைக்கதையை முன்பே கொடுங்கள், இயக்குநரோடு உட்கார்ந்து பேச விடுங்கள். பாட்டு வரிகளுக்குத் தனிச் சம்பளம் கொடுங்கள். டைட்டிலில் அவர் பெயரைப் போடுங்கள். உங்களிடம் உரிமை இருக்கும் பழைய படங்களுக்கும் இதைச் செய்யுங்கள்.

தோழி தொண்ணூறுகளின் தமிழ்ப் படங்களை ஒரு தாளில் பட்டியல் போட்டுத் தந்திருக்கிறாள், மொத்தம் 12. நல்ல சப்டைட்டிலோடு இதுவரை எனக்குக் கிடைத்தது மூன்று.

இப்படிக்கு,
உங்கள் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒருத்தி