அபாயாவும் அரைக்கால் சட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த சவூதி அரேபியப் பயணக் கட்டுரையில் ஹெக்ராவின் பாறைக் கல்லறைகளைப் பற்றியும் ஜித்தாவின் பழைய நகரத்தைப் பற்றியும் எழுதியிருந்ததை ஆசையோடு படித்தேன். ஆனால் உடை பற்றிய பத்தியில், பெண்கள் உடைக்கு மேல் உடம்பு முழுக்க மூடும் தளர்வான கறுப்பு அங்கியான அபாயாவைப் போட்டே ஆக வேண்டும், தலையை மூடாவிட்டால் கைது செய்வார்கள் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு, என்னோடு ஜனவரியில் வருவதாக இருந்த என் தங்கை, "நான் வரலக்கா" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

1996 முதல் 2009 வரை ரியாதில் செவிலியராக இருந்தவள் நான். அந்தக் காலத்துக்கு அந்தப் பத்தி ஏறக்குறைய சரி. சீருடைக்கு மேல் அபாயா போடாமல் விடுதி வாசலைத் தாண்ட மாட்டோம். ஒருமுறை பத்தா கடைத்தெருவில் தலைத்துணி நழுவியது தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பெரியவர் சத்தம் போட்டதில் கைகால் நடுங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற சூடான் நாட்டுப் பெண் தன் துணியிலிருந்த ஊக்கைக் கழற்றி, என் தலைத்துணியில் குத்திவிட்டுப் போனாள். அவள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இப்போது நிலைமை வேறு. தெருவில் உடையையும் நடத்தையையும் கண்காணித்து வந்த மதக் காவலர்கள் யாரையும் கைது செய்யக்கூடாது என்று 2016-லேயே உத்தரவாகிவிட்டது. 2019 செப்டம்பரில் சுற்றுலா விசா தரத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை என்று அரசே அறிவித்தது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், உடை உடம்பை இறுக்கக்கூடாது, அவ்வளவுதான். மசூதிக்குள் போவதென்றால் மட்டும் தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

போன ஜனவரியில் ஜித்தாவில் மகன் வீட்டில் இருந்தேன். கடற்கரைச் சாலையில் சவூதிப் பெண்களே சாம்பல், நீலம் என்று பல நிறங்களில் அபாயா போட்டு நடக்கிறார்கள். நான் சுடிதாரும் துப்பட்டாவுமாகத்தான் நடந்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் சுடிதார் அந்த ஊருக்கென்றே தைத்தது போல இருக்கிறது. புடவைதான் வேண்டும் என்பவர்கள் இடுப்பு தெரியாமல் முந்தானையை ஊக்குக் குத்தி, கை நீண்ட ரவிக்கை போட்டுக்கொள்ளலாம். அப்புறம், தளர்வான பருத்தித் துணி வெயிலுக்கும் நல்லது. ஜூன், ஜூலையில் ரியாதில் 43, 44 டிகிரி அடிக்கும்போது கையை மூடி நடப்பவர்களுக்குத்தான் தோல் எரியாது. ஹெக்ரா இருக்கும் அல்உலாவிலோ ஜனவரி இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

கட்டுரையாளர் ஈரானையும் சவூதியையும் ஒன்றாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானில் வந்த சட்டப்படி, வெளிநாட்டுப் பெண்ணும் தலையை மூட வேண்டும். தலைத்துணிக்காகப் பிடித்துச் செல்லப்பட்ட 22 வயது மாஷா அமினி 2022-இல் உயிரிழந்ததும் அங்கேதான். இரண்டும் முஸ்லிம் நாடு என்பதற்காக ஒரே பத்தியில் அடக்கினால், ஒரு நாட்டுக்கு வீண் பயத்தோடு போவார்கள், இன்னொன்றுக்குத் தயாராகாமல் போவார்கள்.

இன்னொரு குறை, ஆண்களுக்கு ஒரு வரிகூட இல்லை. சவூதியில் 2019-இல் வந்த பொது ஒழுக்க விதிகள் ஆண், பெண் இருவருக்கும்தான். தூங்கும்போது போடும் உடையோடு பொது இடத்துக்கு வந்தால் அபராதம் உண்டு. நம் ஆட்கள் கைலியோடு தெருமுனைக் கடைக்குப் போவார்கள், அந்தப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. மசூதிக்கும் அரசு அலுவலகத்துக்கும் அரைக்கால் சட்டையோடு போகக்கூடாது என்பது பிறகு சேர்த்த விதி. ஒரு வேலையாக அலுவலகம் ஒன்றுக்குப் போன என் அண்ணன் மகனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பேன்ட் மாற்றிக்கொண்டு திரும்பிப் போவதற்குள் அரைநாள் போய்விட்டது. அவன் பெட்டியில் அம்மாவுக்கென்று வாங்கி வந்த கறுப்பு அபாயா இருந்தது, தனக்கென்று ஒரே ஒரு முழுக்கால் பேன்ட்தான் இருந்தது.

குளிர்காலப் பயணத்துக்கு இப்போதே டிக்கெட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள், ஆண்களுக்கும் நான்கு வரி சேர்த்து. அதை என் தங்கைக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
நாகர்கோவில்.