தேர்ச்சி விழுக்காட்டை வைத்து ஆய்வுக் கூட்டம் நடத்துவோருக்கு

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் தலைமையாசிரியர்களை அழைத்து, விழுக்காடு குறைந்த பள்ளியை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. 20 பேர் எழுதிய பள்ளியில் ஒருவர் தவறினால் 95. 200 பேர் எழுதிய பள்ளியில் ஒருவர் தவறினால் 99.5. தவறியது இரண்டிலும் ஒரே ஒரு பிள்ளை. விளக்கக் கடிதம் எழுதுவது மட்டும் சின்னப் பள்ளி.

வகுப்பறைக்குள் நடப்பது இதைவிட மோசம். கணக்கில் 28 எடுக்கும் பையன் 35 தொட்டால் விழுக்காடு ஏறும். 55 எடுக்கும் பெண் 75 எடுத்தால் ஏறாது. வரைபடமும் செய்முறை வடிவியலும் தலா 8 மதிப்பெண். இரண்டையும் மனப்பாடமாகப் போட்டால் தேர்ச்சிக்குக் கிட்டத்தட்டப் பாதி தூரம். அரையாண்டுக்குப் பிறகு மாலை வகுப்பு முழுக்க அதற்கே போகிறது. அந்தப் பெண் பின்வரிசையில் தானாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆசிரியர் சோம்பேறி என்பதால் அல்ல, நீங்கள் கேட்கும் கேள்வி அது.

ஊக்குவிப்பே வீண் என்று சொல்ல வரவில்லை. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2005இல் தொடங்கிய, பொருளியலாளர்கள் முரளிதரன், சுந்தரராமன் நடத்திய ஆய்வில், ஆசிரியருக்கு ஊக்கத்தொகை சராசரி முன்னேற்றத்தைப் பார்த்துத் தரப்பட்டது: முதலாண்டில் 5 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 500 ரூபாய். எந்தப் பிள்ளை முன்னேறினாலும் கணக்கில் வந்தது, மதிப்பெண்ணும் உயர்ந்தது. ஆனால் தொகை பெரிதாக இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2006 முதல் மூன்று கல்வியாண்டுகள் கணித ஆசிரியர்களுக்கு 15,000 டாலர் வரை அறிவித்தும் மாணவர் மதிப்பெண்ணில் மொத்தத்தில் வேறுபாடு தென்படவில்லை.

எனவே அடுத்த கூட்டத்துக்குத் தேர்ச்சிப் பட்டியலோடு ஒவ்வொரு பிள்ளையின் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் பாடவாரியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: பின்னால் ஏற்றம் காட்டுவதற்காகக் காலாண்டில் கையை இறுக்கித் திருத்துவார்கள். பக்கத்துப் பள்ளியோடு விடைத்தாள்களை மாற்றித் திருத்தினால் அது பெரும்பாலும் அடைபடும். 30 பேருக்குக் குறைவாக எழுதும் பள்ளிக்கு மூன்றாண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

தலைமைத்துவம் பற்றி எழுதிய அமெரிக்க அறிஞர்கள் ஹெர்சியும் பிளான்சார்டும் 1969இலேயே சொன்னார்கள்: பணியில் முதிராதவருக்கு வழிமுறை தேவை, பழுத்தவருக்குப் பொறுப்பை விட்டுக்கொடுப்பது தேவை. இங்கே புது ஆசிரியர், பழுத்த ஆசிரியர் இருவருக்கும் ஒரே குறிப்பாணை போகிறது. அதையாவது இந்த ஆண்டு நிறுத்துங்கள். கேட்க வேண்டியதைத் தனியே அழைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர் பயிற்சியில் பணியாற்றும் சிலர்