மழைக் கணக்கு எழுதியவர்களுக்கும் அதைச் சரிபார்த்தவர்களுக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கணினியில் காலநிலையைக் கணக்கிடும் காலநிலை மாதிரிகள் இலங்கையின் மழையை எந்த அளவுக்குச் சரியாகக் காட்டுகின்றன என்று பார்ப்பதற்கான பொதுக் கட்டமைப்பு இப்போது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது. கொழும்பில் ஒரு சிறு குழுவாகத் தொடங்கிய நாங்கள் மட்டும் செய்து முடித்த வேலை இல்லை இது. உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயர் சொல்லாமலே நன்றி சொல்கிறேன். உங்களைப் பற்றிய இடம் வரும்போது உங்களுக்கே தெரியும்.

முன்பெல்லாம் மாதிரி காட்டும் மழையை நிலையங்களில் அளந்த மழையோடு ஒப்பிடும் ஒவ்வொரு மாணவரும் தனக்கென ஒரு நிரல் எழுதுவார். ஒருவர் எடுத்த வருடங்கள் வேறு, இன்னொருவர் எடுத்த நிலையங்கள் வேறு. முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. பல நாட்டு மாதிரிகளை ஒப்பிடும் சர்வதேசத் திட்டமான சிஎம்ஐபி6இன் மாதிரிகளில் பல, உலகை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. 65,610 சதுர கிலோமீட்டர் கொண்ட நம் தீவு அதில் சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும். 2,524 மீட்டர் உயரமான பீதுருதலாகலையும் சுற்றியுள்ள மலைகளும் தாழ்ந்த மேடாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து மேற்குச் சரிவில் மழையைக் கொட்டவைப்பது அந்த மலைகள்தான். அவை தாழ்ந்துபோனால் ஈர வலயமும் உலர் வலயமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஈரப் பக்கத்தில் குறைவாகவும் உலர்ந்த பக்கத்தில் கூடுதலாகவும் மழை காட்டும் மாதிரிக்கு, தீவு முழுவதன் சராசரி மட்டும் அழகாகப் பொருந்திவிடலாம். நிலையவாரியான பதிவு இல்லாமல் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

அந்தப் பதிவுக்காக முதல் நன்றி அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு. தோட்ட ஆபீசில் கழித்துப் போட இருந்த மழைக் கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாதுகாத்தவர் அவர். பழைய கொப்பிகள் அங்குலத்தில், பிந்தியவை மில்லிமீட்டரில். எந்தப் பக்கத்தில் அளவு மாறியது என்பதை அவரே விரல் வைத்துக் காட்டினார். அவற்றைத் தட்டச்சு செய்த மலையகத் தங்கைமாருக்கும் நன்றி. ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, வேறுபடும் இடத்தில் மட்டும் மூலத்தைத் திரும்பப் பார்ப்பது என்ற ஒழுங்கை அவர்கள் கடைசிவரை விடவில்லை. 'மானி ஒழுகுகிறது' என்பது போலச் சிங்களத்தில் இருந்த ஓரக் குறிப்புகளை வாசித்துத் தந்த மாத்தளை நண்பருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் ஒழுகிய மானியின் கணக்கை வறட்சி என்று எடுத்திருப்போம்.

இந்தக் கொப்பிகளுக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. சேர்ப்ஸ், ஜிபிசிசி போன்ற உலகளாவிய மழைத் தரவுகளில் நிலைய அளவீடுகளும் ஏற்கனவே சேர்ந்திருக்கின்றன. அதே அளவீடுகளைக் கொண்டு அந்தத் தரவைச் சோதிப்பது சோதனையே ஆகாது. தோட்டத்துக் கணக்கு வெளியே போகாமல் இருந்ததால்தான் நம்பகமான தனிச் சாட்சியாக நிற்கிறது.

அப்புறம், நேர விடயம். இங்கே மழைநாள் காலை 8.30க்கு முடிகிறது, அதாவது உலகப் பொது நேரம் 3 மணி. மாதிரிகளின் நாளோ உலகப் பொது நேரத்தின் நள்ளிரவில் முடிகிறது. மாதக் கணக்கில் இது பெரிதாகத் தெரியாது, ஆனால் ஒரே நாளில் கொட்டிய பெருமழையை ஒப்பிடும்போது தேதியே மாறிப்போகும். இதற்கு மேல் ஒரு சிக்கலை எடுத்துச் சொன்னவர் ஓய்வுபெற்ற அவதானிப்பாளர் ஒருவர். 1996 மே மாதம் நாட்டின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பழைய நேரமே ஓடியது. எந்தக் கொப்பி எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றியது என்று நிலையம் நிலையமாக எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். ஐயா, அந்தப் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

நாங்கள் சந்தித்தே இராத பலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். செய்மதி அவதானிப்புகளை மாதிரிகளின் கோப்பு வடிவத்திலேயே தரும் ஒப்ஸ்4மிப்ஸ் முயற்சி, ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு நிறுவனமான டிஎல்ஆர் உட்படப் பல ஐரோப்பிய நிறுவனங்கள் சேர்ந்து மாதிரிகளை மதிப்பிட வளர்த்த திறந்த நிரலான ஈஎஸ்எம்வால்டூல், இரண்டும் இல்லையென்றால் அடிப்படையிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, மாதிரிக் கோப்புகளில் நம் தீவையும் சுற்றுக் கடலையும் மட்டும் வெட்டி எடுத்து அனுப்பிய ஒஸ்லோத் தம்பிக்கும், மாடி அறையையும் ஜெனரேட்டரையும் தந்த வெள்ளவத்தை டியூட்டரிக்காரருக்கும் நன்றி.

மாதிரிகளுக்கு ஒரே மொத்த மதிப்பெண் போடக் கூடாது என்று விடாமல் வாதாடிய விரிவுரையாளர் அக்காவையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தின் நவம்பர் உச்சத்தைச் சரியாகப் பிடிக்கும் மாதிரி, கொழும்பின் மே மழையைத் தவறவிடலாம். விவசாயத்துக்குப் பார்ப்பவருக்கும் வெள்ளத்துக்குப் பார்ப்பவருக்கும் தேவை வேறு வேறு. அவர் சொன்னபடியே பருவமும் வலயமும் பிரித்துத்தான் முடிவுகளைத் தருகிறோம். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் விடுபட்டுப்போன பதிவுகளை ஊகித்து நிரப்பாமல் வெற்றிடமாகவே காட்ட வேண்டும் என்றவரும் அவர்தான். அது மிகச் சரியான முடிவு.

அடுத்து வெப்பநிலைப் பதிவுகளைத் தொடங்குகிறோம். தட்டச்சு வேலைக்கு முன்வந்திருக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களுக்கு இப்போதே எங்கள் நன்றி.

அன்புடன்,
குழுவினர் சார்பில்,
கொழும்பு