இதயம் நின்றது ஒரு காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மக்கள் எதனால் சாகிறார்கள் என்ற கணக்கு செய்தியில் வரும்போதெல்லாம் என் அப்பாவின் மரணக் காரணத்தை டாக்டர் எழுதித் தந்த தாள்தான் நினைவுக்கு வருகிறது.

போன மார்கழியில் காசிமேட்டில், வீட்டிலேயே தவறினார். இருபது வருடச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, கடைசியில் சிறுநீரகமும் போய்விட்டது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து நாடி பார்த்து எழுதியது ஒரே வரி: இதயம் நின்று மரணம். சரி, யாருக்குத்தான் இதயம் நிற்காமல் உயிர் போகிறது?

வீட்டில் இறப்பவர்களுக்கென்றே, டாக்டர் மரணக் காரணத்தை எழுதிச் சான்றளிக்கும் படிவம் 4-ஏ இருக்கிறது. உடனடிக் காரணம், அதற்கு அடிப்படையான நோய், அது எத்தனை காலமாக இருந்தது என்று வரிசையாக எழுத அதில் இடம் உண்டு. எழுதத்தான் யாருக்கும் பொறுமையில்லை. 2020-இல் நாடு முழுக்கப் பதிவான மரணங்களில் 22.5 விழுக்காட்டுக்கு மட்டுமே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. அதில் முதலிடம் இதய, இரத்த ஓட்ட நோய்களுக்கு. அப்பா மாதிரி எத்தனை சர்க்கரை நோயாளிகள் அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறார்களோ!

எண்ணூர், மணலி ஆலைகளின் புகை கலந்த காற்றைச் சுவாசிக்கும் எங்களுக்கு இது வெறும் காகித விஷயமில்லை. நுரையீரல் நோய் தாளில் ஏறாவிட்டால் புகையைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

மாநகராட்சி மண்டல அலுவலகங்கள் சிறு கிளினிக் டாக்டர்களுக்கு அரைநாள் பயிற்சி தரலாம். வீடு தேடி வரும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்களிடம் உள்ள சர்க்கரை, பிரஷர் பதிவேட்டையும் சான்று எழுதும்போது புரட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

ஒரு வாசகர்,
காசிமேடு, சென்னை