எஸ்போசித்தோ ஒரு குலத்தின் பெயர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியக் குடும்பப் பெயர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எஸ்போசித்தோ என்பதை நேப்பிள்ஸ் நகரின் பழம்பெரும் குடும்பம் ஒன்றின் பெயராகச் சொல்கிறது. பக்கத்திலேயே அந்தக் குடும்பத்தின் இலச்சினை என்று ஒரு கேடயப் படமும் அச்சாகியிருக்கிறது. இரண்டும் தவறு. எஸ்போசித்தோ என்று ஒரு குலம் இருந்ததே இல்லை. பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தைகளுக்குப் பதிவேட்டில் எழுதப்பட்ட சொல் அது.

லத்தீனில் 'எக்ஸ்போசித்துஸ்' என்றால் வெளியே வைக்கப்பட்டவன் என்று பொருள். கோயில் வாசலிலோ மருத்துவமனைப் படியிலோ விடப்பட்ட குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பாதிரியார், தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் இந்தச் சொல்லை எழுதுவார். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் வைத்தாக வேண்டும் என்று ஆணையிட்டபின் இப்படிப்பட்ட குறிப்புகள் பெருகின. அந்தக் குழந்தை வளர்ந்து மணம் முடித்துப் பிள்ளை பெற்றபோது, குறிப்பாக இருந்தது குடும்பப் பெயராகிப் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்தது.

நேப்பிள்ஸில் இந்தப் பெயர் இவ்வளவு மண்டிக்கிடப்பதற்குக் காரணம் ஒரே ஓர் இடம்: சாந்தா காசா தெல் அனுன்சியாத்தா. 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய அறநிலையம். அதன் தெருப்பக்கச் சுவரில் ஒரு திறப்பு. திறப்புக்குள் செங்குத்தான அச்சில் சுழலும் மர உருளை. உருளையின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். குழந்தையை அதில் கிடத்தித் தள்ளினால் திறந்த பக்கம் உள்ளே போய்விடும். உள்ளே காத்திருக்கும் பெண் குழந்தையை எடுத்துக்கொள்வாள். வைத்தவர் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் வைத்தவருக்குத் தெரியாது. இத்தாலியில் இதை 'ருவோத்தா', அதாவது சக்கரம் என்பார்கள். குழந்தையின் கழுத்தில் ஈய முத்திரை கட்டப்படும். வந்த நேரம், உத்தேச வயது, சுற்றியிருந்த துணி எல்லாம் பதிவாகும். நேப்பிள்ஸ் மக்கள் இவர்களை 'மாதாவின் பிள்ளைகள்' என்று அழைத்தார்கள். கைவிடப்பட்டவன் என்று எழுதிய பதிவேட்டைவிட அந்தத் தெருவின் வாய்மொழிக்கே கருணை அதிகம் என்பது என் எண்ணம். 1875இல் அந்தச் சக்கரம் மூடப்பட்டது.

அதற்கு வெகுமுன்பே எஸ்போசித்தோ என்று பெயர் வழங்குவது நின்றுவிட்டது. பெயரைக் கேட்டவுடனே பிறப்பு தெரிந்துவிடுகிறதே என்பதால், நேப்பிள்ஸ் அரசராக இருந்த ஜோவாக்கிம் மூரா 1814இல் இதைத் தடை செய்தார். அதன்பின் வந்த குழந்தைகளுக்கு அதிகாரிகள் ஆளுக்கொரு பெயரைப் புதிதாகக் கட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களின் வழி தொடர்ந்தது. இன்றும் நேப்பிள்ஸ் அடங்கிய கம்பானியா மாநிலத்தில் மிகுதியாகக் காணப்படும் குடும்பப் பெயர்களுள் இது முன்வரிசையில் நிற்கிறது. பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு அந்தப் பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயரை வைக்கக் கூடாது என்று இத்தாலியின் 2000ஆம் ஆண்டுக் குடிமைப் பதிவு விதிகளும் சொல்கின்றன. அந்த ஊரில் பேர்போன குடும்பத்தின் பெயரையும் வைக்கக் கூடாது.

ஊருக்கு ஊர் சொல் மாறும். போலோஞாவில் தெலி எஸ்போஸ்தி, ரோமில் ப்ரொயேத்தி. புளோரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி வடிவமைத்த, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இன்னொச்சேந்தி இல்லம் 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தையை ஏற்றது. அன்று புனித அகதாவின் திருநாள், அதனால் அந்தப் பெண் குழந்தைக்கு அகதா என்று பெயர். அந்த இல்லத்தின் வழி வந்தவையே இன்னொச்சேந்தி, நொச்சென்தீனி போன்ற குடும்பப் பெயர்கள். மிலானில் இப்படிப்பட்ட குழந்தைகளை ஏற்ற மருத்துவமனையின் சின்னம் புறா. குழந்தைகளுக்குப் புறா என்ற பொருளில் கொலோம்போ என்ற பெயரை 1825 வரை கொடுத்தார்கள்.

இங்கே எதிர்ப்பக்கத்துத் தவறும் நடக்கிறது. கொலோம்போ என்றாலே கைவிடப்பட்டவர் வழி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1451இல் ஜெனோவாவில் பிறந்த கிறிஸ்தோபர் கொலம்பஸின் தகப்பன் தொமேனிக்கோ கொலோம்போ கம்பளி நெசவாளர். மிலான் மருத்துவமனைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெயர் ஒரு தடயம்தான். சான்று ஏட்டில் இருக்கிறது.

ஏட்டில் தேடுவது எப்படி என்பதையும் கட்டுரையில் சொல்லியிருக்கலாம். முதலில் ஊரைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டும். இத்தாலியை விட்டு வெளிநாடுகளில் குடியேறியவர்கள் 'நேப்பிள்ஸ்' என்று எழுதிவைத்தது பெரும்பாலும் மாகாணத்தை, நகரத்தை அல்ல. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். நேப்பிள்ஸ் அரசில் குடிமைப் பதிவு 1809இல் தொடங்கியது. அந்த ஏடுகளில் பெரும்பகுதியை இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் 'அந்தெனாத்தி' தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பிறப்புப் பதிவை மட்டும் நம்பிப் பின்னோக்கிப் போனால் ஒரே பெயரில் நாலைந்து பேர் குறுக்கே வருவார்கள். திருமணப் பதிவோடு இணைத்து வைக்கப்பட்ட ஆவணக் கட்டைத் தேடுவதே நல்லது. அதில் மணமக்களின் பிறப்புச் சான்று இருக்கும். தகப்பன் இறந்திருந்தால் அவர் இறப்புச் சான்றும், பல நேரம் பாட்டனாருடையதும் சேர்ந்திருக்கும். ஒரே ஆவணக் கட்டுக்குள் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். பின்னோக்கிப் போகப் போக, ஓரிடத்தில் தகப்பன் பெயர் இல்லாமல் 'பெற்றோர் அறியப்படவில்லை' என்று வரும். அந்தக் கிளையில் எஸ்போசித்தோ என்ற பெயர் தொடங்கும் இடம் அது. அதற்கு மேல் பாட்டன் பெயரைத் தேடிப் பயனில்லை. அனுன்சியாத்தாவின் பதிவேட்டில் குழந்தை வந்த நாளைத்தான் தேட வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஸ்போசித்தோ, தெஸ்போசித்தோ என்று எழுதப்பட்டவர்களும் இதே வேரைச் சேர்ந்தவர்கள்தான், அகரவரிசையில் வேறு பக்கத்தில் இருப்பதால் விட்டுவிடாதீர்கள். இத்தாலியரும் ஸ்பானியரும் குடியேறிய அர்ஜென்டினாவில் தேடுபவர்கள் ஸ்பெயினிலும் எக்ஸ்போசித்தோ என்ற பெயர் இருப்பதை மறக்கக் கூடாது. பொருள் ஒன்றே, பிள்ளைகளை ஏற்ற இல்லங்கள் வேறு.

ஆகவே இரண்டு எஸ்போசித்தோக்கள் சந்தித்தால் அவர்கள் பங்காளிகளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆயிரக்கணக்கான தொடக்கங்கள் உள்ள பெயருக்கு ஒரே மூதாதை கிடையாது, ஒரே கேடயமும் கிடையாது. இலச்சினை ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது. பெயர் ஒத்துப்போகிற எல்லோருக்கும் உரியதல்ல. பெயரைச் சொன்னதும் கேடயம் அச்சடித்துத் தரும் கடைகள் விற்பது வெறும் படம். தன் முன்னோரை மெய்யாகவே தேடுகிற ஒருவர் அந்தப் படத்தை நம்பினால், தேட வேண்டிய பதிவேட்டைத் திறக்காமலே போய்விடுவார்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். இணையப் பதிப்பிலிருந்து அந்தக் கேடயத்தை எடுத்துவிடுங்கள். கூடவே ஒலிக் குறிப்பு ஒன்று: இந்தப் பெயரில் அழுத்தம் விழுவது 'போ' என்ற அசையில், கட்டுரையில் உள்ளதுபோல் 'சித்'தில் அல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்