அனுப்புநர் விலாசத்தில் எதை எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுபான்மையினர் உரிமைகளுக்காக ஐ.நா. செய்திருப்பவை பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1992 டிசம்பர் 18ஆம் திகதிப் பிரகடனத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 28 வருஷம் தப்பால் பை சுமந்தவன். 1977இல் பையைத் தோளில் போட்டேன். அப்போதெல்லாம் இந்தியாவுக்குப் போகச் சொல்லும் கடுதாசி யாருக்காவது வந்தால், நான் மேட்டு லயம் (தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள்) ஏறுமுன்பே பணிய லயத்துக்குத் தெரிந்துவிடும். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, பிரஜாவுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தமிழரான எங்களை, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பங்கு போட்டுக்கொண்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. நான் கடிதம் கொடுத்த குடும்பத்தையே ஒப்பாரிக் கோச்சியில், அதாவது இந்தியா போகிறவர்களை அழுது வழியனுப்பிய ரயிலில், ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். அதனால் 'சர்வதேசம்' என்றாலே எனக்கு முதலில் வயிற்றைக் கலக்கும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். 2003இல் எங்களில் மிச்சமிருந்தவர்களுக்கான பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது ஐ.நா. அகதிகள் நிறுவனம் கூடவே நின்றது. பத்தே நாளில் 1,90,000 பேருக்கு மேல் பிரஜாவுரிமை பெற்றார்கள். 2016இல் ரீட்டா இசாக், 2021இல் டொமோயா ஒபொகாட்டா என்று ஐ.நா. அறிக்கையாளர்கள் இந்த நாட்டுக்கு வந்து போனார்கள். எங்கள் வீடு, காணி, சம்பளம் எல்லாம் அவர்கள் அறிக்கையில் ஏறியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் லயத்துக் காம்பராவில் (அறையில்) இருக்கிறவருக்கு அது எந்த வழியாக வந்து சேரும்?

எங்கள் தோட்டத்தில் தபால் இன்றைக்கும் ஆபீசுக்குத்தான் வருகிறது. உறையில் பெயர், டிவிசன், தோட்டம், அவ்வளவுதான். வீட்டு இலக்கம் கிடையாது. என் காலத்தில் ஒரே டிவிசனில் மூன்று செல்வராணி இருந்தார்கள். எழுத்தின் சாய்வையும் முத்திரையிலுள்ள ஊரையும் பார்த்து, இது கொழும்பில் கடையில் நிற்கிற மகன் போட்டது, இது மருமகள் ஊரிலிருந்து வந்தது என்று பிரிப்பேன். நான் ஓய்வு பெற்றதும் அந்தக் கணக்கும் போய்விட்டது. போன வருஷம் என் தங்கை பேத்திக்குக் கல்வியியற் கல்லூரி நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. ஆபீஸ் மேசையில், கொழுந்துக் கணக்குப் புத்தகத்துக்கு அடியில், ஒன்பது நாள் கிடந்திருக்கிறது. கைக்கு வந்தபோது திகதி தாண்டிவிட்டது. கிளாக்கரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கு இது வேலையே இல்லை.

மிச்சமிருந்த பெயின்டை எடுத்து எங்கள் லயத்துப் பன்னிரண்டு கதவுக்கும் நானே இலக்கம் போட்டேன். யாரைக் கேட்டு எழுதினாய் என்று ஆள் வந்துவிட்டது.

அப்புறம் ஜெனீவா. ஐ.நா.வின் சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. அதன் 27ஆம் உறுப்புரை சிறுபான்மையினருக்கானது. இங்குள்ள நீதிமன்றப் படியெல்லாம் ஏறியும் நியாயம் கிடைக்காத தனி ஆள் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு எழுதலாம் என்கிற நெறிமுறையிலும் 1997இல் சேர்ந்தது. ஆனால் 2006இல் சிங்கராசா வழக்கில் நமது உயர் நீதிமன்றம், அப்படிச் சேர்ந்தது அரசியலமைப்புக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டது. எழுதலாம், பதிலும் வரும், இங்கே அது செல்லாது. வழக்கறிஞர்கள் இதைப் பற்றி நிறையப் பேசட்டும். நான் தப்பால்காரன். எனக்குத் தோன்றுகிற கேள்வி, அந்தக் கடிதத்தில் அனுப்புநர் விலாசம் என்று எதைப் போடுவது என்பதுதான்.

அடுத்த முறை ஐ.நா.விலிருந்து யாராவது வந்தால், காணி உறுதி, சம்பளம் எல்லாம் கேட்கட்டும். அதோடு ஆபீஸ் மேசையில் கிடக்கிற தபால் கட்டையும் ஒரு தடவை பிரித்துப் பார்க்கட்டும். ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கம், ஒவ்வொரு லயத்துக்கும் தபால் திணைக்களத்தின் சொந்த ஆள், இந்த இரண்டையும் கேட்டு வாங்கித் தந்தால் போதும், மற்றதை நாங்களே எழுதிக் கேட்டுக்கொள்வோம்.

இந்தக் கடிதம் பிரசுரமானால் ஒரு பிரதி அனுப்புங்கள். தோட்டத்து விலாசத்துக்கு வேண்டாம். உறையின் பின்னால் பஸாரில் எனக்குத் தெரிந்த கடையின் விலாசம் எழுதியிருக்கிறேன், அங்கே அனுப்பினால் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்துத் தப்பால்காரன்,
பொகவந்தலாவை.